பிறவாதோர் பிரிவு

மடிப்பக்காவுக்கு இரண்டு பெண்கள். பெரியவள் வேறொரு நாட்டில் பிறந்தாள். சின்னவள் இந்த நாட்டில் பிறந்தாள். இருவருக்கும் அப்பா ஒருவர், அம்மா ஒருத்தி, மூக்கும் ஒரே அச்சு. ஆனால் சின்னவள் பிறந்த மூன்றாம் நாள், தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புவதற்கு முன்பே, அவளுடைய மருத்துவக் காப்பீட்டு அட்டை தபாலில் வந்து கதவிடுக்கில் கிடந்தது. பெரியவள் கைக்குழந்தையாக விமானத்தில் வந்து இறங்கி ஏழு வருஷமாகிவிட்டது. அவளுடைய அட்டை இன்னும் வந்து சேரவில்லை.

சின்னவள் கல்லைத் தின்று செரிக்கிற ரகம். நான்கு வயதாகியும் ஒரு தும்மலைக்கூட உருப்படியாகத் தும்மியதில்லை. அவள் அட்டை அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது. இளைப்பு பெரியவளுக்குத்தான். மழை இறங்கினால், பக்கத்து வீட்டில் பெயிண்ட் அடித்தால், அம்மா சலவைத்தூள் வாசனையோடு வந்து கட்டிக்கொண்டால்கூட, அவள் நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊத ஆரம்பித்துவிடுவார்கள். அப்போது வாய்க்குள் மருந்தைப் பீய்ச்சும் சின்னப் பம்பு ஒன்றுதான் அவளைக் காப்பாற்றும்.

அம்மாவுக்கு வேலை பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் இருக்கும் சலவைக்கூடத்தில். உலர்த்தும் எந்திரத்திலிருந்து சூடாக வரும் விரிப்பை நான்கே வீச்சில், ஓரத்தோடு ஓரம் கத்தி மாதிரி சேர்த்து மடித்துவிடுவாள். அதனால் அங்கே அவளுக்கு மடிப்பக்கா என்று பேர். அவளைவிட மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். குழந்தைகள் வார்டு விரிப்புகளில் வாத்துப் படம் போட்டிருக்கும். நாளொன்றுக்கு இருநூறு வாத்து விரிப்புகளை அவள் மடித்தாள். அவற்றை மடிக்க அவளுக்கு அனுமதி உண்டு. அவற்றின் மேல் படுக்க அவள் பெண்ணுக்கு அனுமதி இல்லை.

அவள் வீட்டுக்காரர் டைல்ஸ் ஒட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். வாசல் காவலாளியையும் சார் என்பார், கதவைத் திறக்க எண் கேட்கும் எந்திரத்தையும் சார் என்பார்.

ஊரில் ஒரு தர்ம கிளினிக் இருந்தவரை மாதம் ஒரு பம்பு கிடைத்துக்கொண்டிருந்தது. பிறகு அந்தக் கிளினிக்கை மூடிவிட்டார்கள். அந்த இடத்தில் நாய்களுக்கு முடிவெட்டும் கடை வந்தது. ஒரு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து ஒரு கடிதமும் வந்தது. மருந்து கையில் இல்லாமல், காப்பீடு பையில் இல்லாமல் இளைப்புள்ள பிள்ளையை விளையாட்டு நேரத்துக்கு அனுப்ப வேண்டாம் என்று அதில் இருந்தது. மற்ற பிள்ளைகள் ஓட, பெரியவள் மூன்று வாரம் மைதானத்து ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருடைய தண்ணீர் பாட்டிலையும் பார்த்துக்கொண்டாள்.

மடிப்பக்கா ஒரு நாள் லீவு போட்டுவிட்டுக் குழந்தைகள் நலக் காப்பீட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

வாசலில் ஆள் உயரத்துக்குப் பலகை வைத்திருந்தார்கள்: 'எல்லாக் குழந்தைகளும் எங்கள் குழந்தைகளே.' அதன் கீழே இன்னொரு பலகை: 'குழந்தைகளை உள்ளே அழைத்து வரக் கூடாது.'

முதல் கவுண்டர்காரர் அவள் படிவத்தை மேலிருந்து கீழாகப் படித்தார். பிறகு கீழிருந்து மேலாகப் படித்தார்.

"பிறந்த ஆஸ்பத்திரியோட எண் எங்கம்மா?"

"அது வேற நாடுங்க. அங்க இந்த மாதிரி எண்ணெல்லாம் கிடையாது. பிறப்புச் சான்றிதழ் இருக்கு. மொழிபெயர்த்து, மூணு இடத்துல முத்திரை வாங்கி வச்சிருக்கேன்."

"சான்றிதழ் யார் வேணா வச்சிருக்கலாம். எனக்கு எண் வேணும். ஆறு இலக்கம்."

"இல்லாத எண்ணை நான் எங்கங்க போய்த் தேடுவேன்?"

"காலியா விட்டா கம்ப்யூட்டர் வாங்காது. வாங்காததை நான் வாங்க முடியாது." அவர் மோவாயைச் சொறிந்தார். பின்னால் வரிசை கதவைத் தாண்டி நின்றது. டீ நேரமும் நெருங்கிக்கொண்டிருந்தது. "ஒண்ணு பண்றேன். ஆறு சைபர் போட்டுடறேன். சைபர்னா இல்லைன்னு அர்த்தம். உண்மைதானே?"

உண்மைதான் என்று மடிப்பக்காவுக்கும் பட்டது. பச்சை நிற ரசீதை வாங்கிக்கொண்டு, அவருக்கு நன்றியும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆறு வாரம் கழித்து ஒரு கடிதம் வந்தது. நல்ல தடித்த தாள், ஓரத்தில் பூப்போட்டிருந்தது. டைல்ஸ்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மடிப்பக்கா சத்தமாகப் படித்தாள்.

"வாழ்த்துகள்! தங்கள் வயிற்றில் வளர்ந்துவரும் குழந்தை எமது துறையில் முறைப்படி பதிவு செய்யப்பட்டுள்ளது என்பதை மகிழ்ச்சியுடன்…"

டைல்ஸ்காரர் கை பாதி வழியில் நின்றது. "யாருக்கு வாழ்த்து?"

"எனக்குத்தான். மாசமா இருக்கேனாம்."

அவர் கவளத்தைத் தட்டிலேயே திரும்ப வைத்தார். "எப்போலேருந்து?" என்று கேட்டார்.

"உங்களை வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது? பாருங்க, பேரு யாரு பேரு போட்டிருக்கு? நம்ம பெரியவளோட பேரு! வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டு இதோ உக்காந்திருக்காளே, இவளைத்தான் இன்னும் வயித்துல இருக்கான்னு எழுதியிருக்காங்க."

பெரியவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி ஏழாம் வாய்ப்பாட்டில் குனிந்துகொண்டாள்.

கடிதத்தின் அடியில் 'பிறவாதோர் பிரிவு, மூன்றாம் மாடி' என்று இருந்தது. மறுநாளே மடிப்பக்கா அங்கே போய் நின்றாள். பிரிவு அலுவலர் ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தார். குரலில் வெல்லப்பாகு ஒழுகியது.

"தப்பா எதுவும் நடக்கலையேம்மா. பிறந்த ஆஸ்பத்திரி எண் சைபர். அப்படின்னா குழந்தை எங்கயுமே பிறக்கலை. எங்கயும் பிறக்காத குழந்தை எங்க இருக்கும்? அம்மா வயித்துல. கம்ப்யூட்டர் யோசிச்சுத்தான் போட்டிருக்கு."

"அவளுக்கு எட்டு வயசும்மா. மூணாம் கிளாஸ் படிக்கிறா. முன்பல்லு ரெண்டு விழுந்து முளைச்சிருக்கு."

"சந்தோஷம். நல்ல வளர்ச்சி."

"இதைத் திருத்தித் தரணும்மா."

"தாராளமா. சம்பந்தப்பட்ட குழந்தை கைப்பட மனு எழுதணும். ஆனா பிறக்காத குழந்தையோட கையெழுத்து செல்லாது. அதனால முதல்ல பிறந்துட்டு, அப்புறம் நான் பிறந்துட்டேன்னு எழுதிக் குடுக்கணும்."

அந்த அம்மாள் இரக்கத்தோடு மேசைமேல் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"உன் நல்லதுக்குச் சொல்றேன், திருத்தாதே. பிறக்காத குழந்தைன்னா எங்க துறைக்கு உயிரு. அதுக்கு மாத்திரை உண்டு, டாக்டர் உண்டு, வீடு தேடி நர்ஸ் வருவாங்க. சட்டத்துல முழுப் பாதுகாப்பு. பிறந்ததுக்கப்புறம்தான் எங்க பிறந்தே, எப்படி வந்தே, எந்தப் பேப்பர்ல வந்தேன்னு நாங்க கேக்க ஆரம்பிப்போம். இருக்கிற இடத்துலேயே இருக்கிறதுதான் உன் பொண்ணுக்கு மரியாதை."

பத்து நாள் கழித்து நர்ஸம்மா வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். முட்டிவலி, மாடிப்படியில் இரண்டு இடத்தில் நின்று நின்றுதான் ஏறினார். வந்தவர் பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து மடிப்பக்காவின் வயிற்றைச் சுற்றி அளந்தார். படிவத்தில் ஓர் எண்ணை எழுதினார். அன்று காலையிலிருந்தே தூறல். மூலையில் கட்டிலில் சாய்ந்திருந்த பெரியவளின் நெஞ்சில் விசில் கேட்டுக்கொண்டிருந்தது. தோள்கள் ஒவ்வொரு மூச்சுக்கும் ஏறி இறங்கின.

நர்ஸம்மா எழுதுவதை நிறுத்தினார். நிமிராமலே கேட்டார்: "கர்ப்பிணிக்கு மூச்சிரைப்பு உண்டா?"

"எனக்கில்லைங்க. அவளுக்குத்தான்…"

"நான் கேட்டது கர்ப்பிணியை. என் பாரத்துல அவ இன்னும் பிறக்கலை. பிறக்காதவளுக்கு நான் மருந்து எழுத முடியாது." இப்போது நிமிர்ந்து, பெரியவளைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "நல்லா யோசிச்சு சொல்லு. உனக்கு இரைக்குதா?"

மடிப்பக்கா அதுவரை அரசாங்கக் காகிதத்தில் பொய் சொன்னதில்லை. உயரத்தைக்கூடச் சரியாக அளந்து எழுதுகிறவள்.

"இரைக்குதுங்க" என்றாள்.

"எவ்வளவு நாளா?"

"எட்டு வருஷமா."

நர்ஸம்மா தலையாட்டி எழுதிக்கொண்டார். 'கர்ப்பிணிக்குக் கடும் மூச்சிரைப்பு. மாதம் இரண்டு பம்புகள், பிரசவம் வரை.' போகும்போது வாசலில் நின்று, "வாயில வச்சுப் பத்து எண்ணணும். யாருக்குச் சொல்லணுமோ அவங்களுக்குச் சொல்லிடு" என்றார்.

அதிலிருந்து ஏழெட்டு மாதம் அந்த வீட்டில் நல்ல காலம். பெரியவள் பெஞ்சிலிருந்து எழுந்து மைதானத்துக்குப் போனாள். கயிறாட்டத்தில் ஒரே மூச்சில் நாற்பத்து மூன்று குதித்தாள். ஒரே மூச்சில்! டைல்ஸ்காரர் அதைத் தன் ஈரச் சிமெண்ட் கையால் சுவரில் எழுதிவைத்தார்; வீட்டுச் சொந்தக்காரன் திட்டியும் அழிக்கவில்லை.

ஆனால் கர்ப்பம் என்பது சும்மா இல்லையே. துறையிலிருந்து சலவைக்கூட மேஸ்திரிக்குக் கடிதம் போயிற்று: இந்தப் பெண்மணியைக் கனமான ஈரத்துணி தூக்கவிடக் கூடாது. மேஸ்திரி அவளை நாற்காலியில் உட்காரவைத்துத் தலையணை உறை மடிக்கச் சொன்னார். கூட வேலை செய்தவர்கள் அவளுக்குக் கையால் பின்னிய காலுறை கொடுத்தார்கள், கட்டைவிரல் அளவுக்கு. கட்டட வேலையிடத்தில் டைல்ஸ்காரரின் முதுகில் ஆளாளுக்குத் தட்டினார்கள். அவரும் "நன்றி சார், நன்றி சார்" என்று காது சிவக்க நின்றார்.

வியாழக்கிழமை தோறும் தாய்மை வகுப்பு. நிறைமாதப் பெண்களுக்கு நடுவே மடிப்பக்கா தட்டை வயிற்றோடு பாயில் படுத்துக் காலை ஆட்டினாள். வயிற்றுக் குழந்தையோடு தினமும் கால் மணி நேரம் பேச வேண்டும் என்பது பாடம். அவளும் வீட்டுக்கு வந்து பேசினாள்.

"பல்லு தேய்ச்சியா? ஏண்டி சாக்ஸைக் கொண்டுபோய் ஃப்ரிட்ஜ் மேல வச்சிருக்கே?"

"அங்கதான் சீக்கிரம் காயும்" என்றது குழந்தை.

'குழந்தை பதிலளிக்கிறது' என்று வகுப்பு நோட்டில் எழுதினாள். ஆசிரியை அதன் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக் கொடுத்தார்.

பதிவான நாளிலிருந்து பத்து மாதம் முடிந்தது. பதினோராம் மாதம் முதல் வாரத்தில் இன்னொரு கடிதம் வந்தது. இந்த முறை தாளின் ஓரத்தில் பூ இல்லை.

'உரிய காலத்துக்குள் தாங்கள் பிரசவிக்கத் தவறியுள்ளீர்கள். இது துறையின் புள்ளிவிவரங்களைப் பெரிதும் பாதித்துள்ளது. கர்ப்பிணியும் வயிற்றிலுள்ள குழந்தையும் வரும் செவ்வாய் காலை பதினொரு மணிக்கு இயக்குநர் முன் ஆஜராகி விளக்கமளிக்க வேண்டும். தவறினால் கர்ப்பம் ரத்து செய்யப்படும்.'

வீட்டில் கடைசிப் பம்பு ஒன்று இருந்தது. அதுவும் ஆட்டிப் பார்த்தால் கால்வாசி.

செவ்வாயன்று சின்னவளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு மூவரும் கிளம்பினார்கள். டைல்ஸ்காரர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"குழந்தைக்கு அனுமதி இல்லை."

மடிப்பக்கா கடிதத்தைக் காட்டினாள். வயிற்றிலுள்ள குழந்தையும் ஆஜராக வேண்டும் என்ற வரியிலும், மேலே போட்டிருந்த பெரியவளின் பேரிலும் விரல் வைத்தாள். காவலாளி வரியைப் பார்த்தார், பெரியவளைப் பார்த்தார், பெரியவளின் பேர் எழுதிய பள்ளி அட்டையைப் பார்த்தார். மூன்றும் பொருந்தின. உள்ளே விட்டார். ஆனால் டைல்ஸ்காரரைப் பிடித்துக்கொண்டார். "இவர் பேரு இதுல இல்லை."

"சரிங்க சார்" என்று டைல்ஸ்காரர் படியோரம் நின்றுகொண்டார்.

விசாரணை அறையில் புதிதாகக் கம்பளம் விரித்திருந்தார்கள். பசை வாசனை மூக்கில் ஏறியது. நீள மேசைக்குப் பின்னால் இயக்குநர் உட்கார்ந்திருந்தார். வலது பக்கம் பிறவாதோர் பிரிவு அம்மாள். இடது பக்கம் ஆலோசக டாக்டர். ஸ்டெதஸ்கோப்பை டை மாதிரி நெஞ்சின் நடுவில் தொங்கவிட்டிருந்தார். இயக்குநருக்கு முன்னால் ஒரு தட்டில் கிரீம் பிஸ்கட். அவர் ஒன்றை எடுத்து இரண்டாகப் பிரித்து, கிரீமை மட்டும் நாக்கால் வழித்து நக்கிவிட்டு, ஈரமான இரண்டு பாதிகளையும் தட்டிலேயே திரும்ப வைத்தார். பிறகு அடுத்ததை எடுத்தார்.

"உக்காரும்மா. பயப்படாதே. நாங்க என்ன குழந்தைங்களுக்கு எதிரியா? இந்த வருஷம் மட்டும் பத்தாயிரம் போஸ்டர் அடிச்சு ஒட்டியிருக்கோம். எல்லாத்துலயும் குழந்தை சிரிக்குது." அவர் கிரீமை நக்கினார். "அதுலயும் வெளிநாட்டுல பிறந்து வந்த குழந்தைங்கன்னா எனக்குத் தனிப் பாசம். அவங்களுக்காகவே ஒரு பிரிவு தொடங்கலாம்னு நினைச்சேன். தொடங்கினா அவங்க வந்துடுவாங்களேன்னு விட்டுட்டேன்."

பிரிவு அம்மாள் நெகிழ்ந்துபோய்க் கண்ணாடியைத் துடைத்தார்.

"இப்ப விஷயத்துக்கு வருவோம். ஏன் இன்னும் பிரசவம் ஆகலை?"

"ஆயிடுச்சுங்க. எட்டு வருஷம் முன்னாடியே ஆயிடுச்சு. இதோ பக்கத்துல நிக்கிறாளே, இவதான்."

"அப்படிச் சொல்லாதே. சொன்னா எழுதிக்க வேண்டியிருக்கும்." இயக்குநர் விரலை உயர்த்தினார். "பிறந்துடுச்சுன்னு எழுதினா எங்க பிறந்ததுன்னு எழுதணும். வெளிநாடுன்னு எழுதினா காப்பீடு கிடையாது. குடுத்த பம்பையும் திரும்ப வாங்கணும். பிறக்கலைன்னு எழுதினா, பதினோரு மாசமா ஏன் பிறக்கலைன்னு மேலிடம் என்னைக் கேக்கும். டாக்டர், அறிவியல் என்ன சொல்லுது?"

டாக்டர் காகிதத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பத்து மாசம்தான் சார். யானைன்னா இருபத்திரெண்டு."

"சட்டத்துல கர்ப்பத்துக்கு உச்சவரம்பு எதுவும் இல்லை சார்" என்றார் பிரிவு அம்மாள்.

"யானையைப் பத்தியும் இல்லை" என்றார் இயக்குநர்.

பெரியவளுக்கு அந்தப் பசை வாசனை ஒத்துக்கொள்ளவில்லை. முதலில் இருமினாள். பிறகு விசில் தொடங்கிற்று. அம்மாவின் புடவையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, முடியலை" என்றாள்.

"அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லும்மா. இங்க எல்லாம் பதிவாகுது."

"குழந்தைக்கு மூச்சு வாங்குதுங்க."

"எந்தக் குழந்தைக்கு? குழந்தைன்னு இன்னும் நாங்க முடிவு பண்ணலையே?" அவர் அடுத்த பிஸ்கட்டைப் பிரித்தார். "தப்பா எடுத்துக்காதேம்மா. நான் மனசுல பட்டதைச் சொல்றவன். ஒரு குழந்தை எங்க பிறக்கணும்னு முன்கூட்டியே யோசிச்சிருக்கணும். தப்பான இடத்துல பிறந்துட்டு இங்க வந்து மூச்சு விட முடியலைன்னா எப்படி? காத்து எங்க காத்தாச்சே."

பம்பு மடிப்பக்காவின் கைப்பைக்குள் இருந்தது. கர்ப்பிணிக்குக் கொடுத்த மருந்து அது. அவர்கள் கண்முன்னே எடுத்து மகள் வாயில் வைத்தால், பத்து மாதமாகச் சொன்னதெல்லாம் பொய் என்று தானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது போலாகும். அதற்குப் பிறகு பம்பும் இல்லை, நர்ஸம்மாவின் வேலையும் இல்லை. அவள் கை பையின் ஜிப்பில் நின்றது. பெரியவளின் கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே இழுத்தது. உதட்டோரம் சாம்பல் பூத்தது.

மடிப்பக்கா ஜிப்பைத் திறந்தாள். பம்பை ஆட்டி, மகள் வாயில் வைத்து அமுக்கினாள். "எண்ணு. ஒண்ணு… ரெண்டு…"

பத்து எண்ணும்வரை அறையில் யாரும் பேசவில்லை. மரியாதையால் அல்ல, பிரிவு அம்மாள் பம்பின் வரிசை எண்ணைத் தூரத்திலிருந்தே படித்துக் குறித்துக்கொண்டிருந்தார்.

"இது கர்ப்பிணிக்குக் குடுத்த மருந்தாச்சே!" என்றார் இயக்குநர்.

"ஆமாங்க."

"குழந்தைக்குக் குடுக்கிறே!"

மடிப்பக்காவுக்கு அந்த நிமிஷம் எங்கிருந்து அந்தத் துணிச்சல் வந்தது என்று அவளுக்கே பிறகு விளங்கவில்லை. "வயித்துல இருக்கிற குழந்தைக்காகத்தானே சார் குடுத்தீங்க? குழந்தைக்குத்தான் போகுது. உங்க காகிதப்படி அவ என் வயித்துக்குள்ளதானே இருக்கா? அப்புறம் நான் எங்க வெளியே குடுத்தேன்?"

டாக்டர் முதல்முறையாக நிமிர்ந்தார். "தாய் வழியாத்தான் போகணும்" என்றார்.

"என் கை வழியாத்தான் போகுது."

இயக்குநர் யோசித்தார். யோசிப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை என்று முகத்தில் தெரிந்தது. காதுக்குள் பேனா மூடியை விட்டுக் குடைந்து, மூடியைப் பார்த்து, அதைக் கோப்பின் மேலட்டையில் துடைத்தார். கோப்பின் மேல் பெரியவளின் புகைப்படம் ஒட்டியிருந்தது.

"பேச்செல்லாம் நல்லாத்தான் பேசுறே. இங்க வர்றவங்க எல்லாருமே ரெண்டு மாசத்துல பேசக் கத்துக்கிறாங்க. ஆனா எனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கு. ரெண்டு வழிதான். பிறந்ததுன்னா ரத்து. பிறக்கலைன்னா காலாவதி. எதுன்னு நீயே சொல்லு. ஏன்னா தாயோட விருப்பத்தை மதிக்கிற துறை இது." அவர் தாராளமாகச் சிரித்தார். பற்களில் கிரீம் ஒட்டியிருந்தது. "அவசரமில்லை. ஆர்டரை டைப் அடிச்சுட்டு வரட்டும். அதுக்குள்ள ஏதாவது சாப்பிடு. ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும் இல்லையா?"

சொல்லிவிட்டுத் தட்டை அவள் பக்கம் தள்ளினார். நக்கி வைத்த பிஸ்கட் பாதிகள் எச்சில் மினுங்க ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்தன. எல்லாவற்றிலும் நாக்குத் தடம் இருந்தது. ஒன்றில் ஒரு மீசை முடியும் ஒட்டியிருந்தது.

மடிப்பக்காவின் வயிற்றிலிருந்து ஏதோ புரண்டு எழுந்தது. அவள் வாயைப் பொத்தினாள். பொத்தியும் நிற்கவில்லை. குனிந்து ஓங்கரித்தாள். பெரியவள், இன்னும் முழுசாக மூச்சு திரும்பாதவள், ஓடிப்போய் மூலையில் இருந்த குப்பைக் கூடையைத் தூக்கிவந்து அம்மாவின் முகத்துக்கு அடியில் வைத்தாள். இன்னொரு கையால் அம்மாவின் நெற்றியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அம்மா அவளுக்குச் செய்வதைப் போலவே, "ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல" என்றாள்.

வயிறு காலியாகும்வரை மடிப்பக்கா வாந்தி எடுத்தாள். காலையில் தின்றது, குடித்தது, பதினோரு மாதமாக விழுங்கியது எல்லாம் வந்தது.

பிறகு டாக்டர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தார். ஸ்டெதஸ்கோப்பைத் தொடாமலே, மூன்றடி தள்ளி நின்று, தீர்ப்பு மாதிரி சொன்னார்:

"மசக்கை."

"என்னது?"

"மசக்கை சார். சந்தேகமே இல்லை. மசக்கைன்னா மூணாவது மாசம். அதிகம் போனா நாலு."

பிரிவு அம்மாள் விரல்விட்டு எண்ணினார். முகம் மலர்ந்தது. "சார்! மூணாவது மாசம்னா இன்னும் ஏழு மாசம் இருக்கு! அப்ப காலம் தவறவே இல்லையே! நாமதான் முன்னாடி எழுதிட்டோம்!"

"பாத்தியா!" என்றார் இயக்குநர். மேசையைத் தட்டினார். பிறந்ததா இல்லையா என்று முடிவு செய்யவேண்டிய அவசியம் அவர் தலையிலிருந்து இறங்கிவிட்டது. அந்த நிம்மதியில் அவர் கண்கூடக் கலங்கிற்று. "எழுதிக்கோங்க. விசாரணையின்போது கர்ப்பத்துக்கான உறுதியான அறிகுறி அதிகாரிகள் முன்னிலையிலேயே காணப்பட்டது. கர்ப்பம் தொடர அனுமதிக்கப்படுகிறது. மருந்து, மாத்திரை, பம்பு எல்லாம் பழையபடி. எவ்வளவு சுலபமா முடிஞ்சுது! இதை நீ முன்னாடியே பண்ணியிருக்கலாமேம்மா? நாங்க என்ன மனுஷங்க இல்லையா?"

உத்தரவில் நான்கு முத்திரை குத்தினார்கள். பிரிவு அம்மாள் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். இயக்குநர் எழுந்து நின்று கை நீட்டினார். அந்த விரல்களைப் பார்த்ததும் மடிப்பக்காவுக்கு மறுபடியும் புரட்டிற்று. "பாருங்க, பாருங்க" என்று டாக்டர் பெருமையோடு காட்டினார்.

வெளியே படியோரத்தில் டைல்ஸ்காரர் நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்தார். மனைவியின் வெளுத்த முகத்தைப் பார்த்து இரண்டு படி ஏறி வந்தார்.

"என்ன சொன்னாங்க?"

"மூணாவது மாசமாம்."

அவர் அவளையே பார்த்தார். "நிஜமாவா?"

"நீங்க வேற. அந்த ஆளு நக்கின பிஸ்கட்டைத் தட்டோட என் பக்கம் தள்ளினான். குடலே வெளிய வந்துடுச்சு. அதைப் பார்த்துட்டு மசக்கைன்னு எழுதி முத்திரை குத்திக் குடுத்திருக்காங்க."

டைல்ஸ்காரர் கட்டடத்தை நிமிர்ந்து பார்த்தார். மூன்றாம் மாடி ஜன்னலைத் தேடிக் கண்டுபிடித்தார். காவலாளி பக்கத்திலேயே நின்றிருந்தார். அவரைச் சார் என்று கூப்பிடாமல், அந்த வழுவழுப்பான படியின் மேல் காறித் துப்பினார். கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் அவர் பொது இடத்தில் துப்பி மடிப்பக்கா பார்த்ததில்லை.

மருந்துக் கவுண்டர் அடுத்த தெருவில். பெரியவள் இருவருக்கும் நடுவில் நடந்தாள். சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்:

"அப்ப நான் எப்பம்மா பிறப்பேன்?"

மடிப்பக்கா முந்தானையால் வாயை இன்னொரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். புளிப்பு போகவில்லை.

"இன்னும் ஏழு மாசம் இருக்கு. கவுண்டரை ஒரு மணிக்கு மூடிடுவாங்கடி, நட."